சவிரிமுத்து மாஸ்ரரும் தபசுகாலத்து ஆவுளியாவும்

சவிரிமுத்து மாஸ்ரர் காலமான செய்தி எனக்குக் கிடைத்தது ஊர்காவற்றுறையில், கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றபோது. நெடுந்தீவிலிருந்து வந்த வள்ளக்காரர் ஒருவர் கயிற்றைக் கட்டிவிட்டு வந்து, ஒருவரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார்: "உங்கடை பழைய ஆவுளியா மாஸ்ரர் விடியப்புறம் மோசம் போயிட்டார். நாளைக்குக் காலமை எடுக்கினமாம்."

ஆவுளியா என்பது கடற்பசு. அந்தப் பட்டப்பெயர் அவருக்கு எப்படி வந்தது என்று அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இப்போது குறைவு. அறிந்தவர்களிலும் பாதிப்பேர் பிழையாகத்தான் அறிந்திருக்கிறார்கள். அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி சொல்ல இன்னும் நான் ஒருவன் மிஞ்சியிருக்கிறேன். எழுதத்தான் வேண்டும்.

செய்தியைக் கேட்டதும் அழுகை வரவில்லை. இந்த யுத்தகாலத்தில் அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சாவுக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை. கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன். ஆனாலும் வரிசையை விட்டு விலகி, துறைமுகத்துக் கல்லொன்றில் சற்று நேரம் இருந்தேன். பின்னால் நின்றவர் என் இடத்துக்கு நகர்ந்துகொண்டார்.

அன்றைக்கு நெடுந்தீவுக்குப் போக ஆயத்தமாக நின்றது ஒரேயொரு வள்ளம். அது அந்தோனியுடையது. அந்தோனி, மாஸ்ரரின் மனைவி திரேசம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மாஸ்ரரோடு பத்து வருஷத்துக்கு மேல் முகம் கொடுத்துக் கதையாதவர் என்று ஊர் அறியும். அவர் பாய்க்கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏறுங்கோ வாத்தியார்" என்றார். நான் ஏறினேன்.

நான் கணக்குப் படிப்பிக்கிறவன். சைவக்காரன். இந்த ஊர்க் கத்தோலிக்க வேதக்காரரின் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது அந்தக் காலத்தில் கணக்குப் படிப்பிக்க வேறு ஆள் அகப்படாத காரணத்தால். சவிரிமுத்து மாஸ்ரர் எனக்குப் பிறகு வந்தவர். பயிற்சி முடித்த கையோடு வந்தார். இயற்கைப் பாடம் என்று ஒன்றை அப்போதுதான் புதிதாக நேரசூசியில் போட்டிருந்தார்கள். மிருகங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் படிப்பிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். அதற்கான படங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் என்றும் சொன்னார்கள். அந்தப் படங்களை நான் இன்றுவரை காணவில்லை.

அவர் படங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளி முற்றத்துப் பூவரசின் கீழ், மணலில், பனைமட்டையால் பெரிய பெரிய கட்டங்கள் கீறினார். ஒரு பக்கம் முள்ளந்தண்டு இல்லாதவை. மறுபக்கம் முள்ளந்தண்டு உள்ளவை. அதற்குள்ளே மீனுக்கு ஒரு கட்டம், தவளைக்கு ஒன்று, ஊர்வனவற்றுக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று, பால் கொடுக்கும் முலையூட்டிகளுக்கு ஒன்று. பிள்ளைகள் காலையில் வரும்போதே கரையிலிருந்து கண்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். நண்டு, கணவாய் ஓடு, கடலட்டை, செத்த கடற்பாம்பு, கொக்கின் இறகு. ஒவ்வொன்றையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏன் இந்தக் கட்டம் என்று காரணம் சொல்லித்தான் உள்ளே வைக்க வேண்டும். காரணம் சொல்லாமல் வைத்தால், சரியான கட்டமாக இருந்தாலும் எடுத்து வெளியே போட்டுவிடுவார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்து நாய் வந்து மீன் கட்டத்துக்குள் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் கலைத்தும் எழும்பவில்லை. "விடுங்கோ, அதுக்கு இன்னும் நான் படிப்பிக்கேல்லை" என்றார் மாஸ்ரர். அன்றைக்கு ஒரு பிள்ளை, நாங்கள் எந்தக் கட்டம் என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் போய் முலையூட்டிக் கட்டத்தின் நடுவில் நின்றார். "நான் இதுக்குள்ளைதான். ஆடு, மாடு, நாய், வௌவால், நான். உங்களுக்கு வெக்கமெண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. கோட்டுக்கு வெளியாலை மட்டும் போக ஏலாது." அந்த வகுப்பு முழுவதும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அந்தக் கட்டத்துக்குள் ஏறி நின்றதைப் பக்கத்து வகுப்பிலிருந்து பார்த்தேன். என் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருப்போம். அவருடைய பெட்டிக்குள் மீன் மணக்கும். என்னுடையதில் கத்தரிக்காய். எங்கள் வீட்டில் மீனையும் இறைச்சியையும் சேர்த்து மச்சம் என்போம். வெள்ளி செவ்வாயில் மச்சம் வாசல் படலைக்குள்ளும் வராது. "என்ரை கணக்கிலை உலகத்திலை இரண்டே கூட்டம். மச்சம், மரக்கறி" என்று ஒருமுறை அவரைச் சீண்டினேன். "அது உம்மடை வயித்தைக் கேட்டுப் பிரிச்சது. நான் மிருகத்தைக் கேட்டுப் பிரிக்கிறன்" என்றார். பிள்ளைகளுக்கும் அவர் அடிக்கடி சொல்வது அதுதான்: "எங்கை இருக்குது எண்டதை வைச்சுப் பிரியாதை. எப்பிடிச் சீவிக்குது எண்டதை வைச்சுப் பிரி." வானத்தில் பறக்கிற வௌவால் பறவையில்லை என்று காட்ட இதைச் சொல்லுவார். கடலில் இருக்கிறதெல்லாம் மீனில்லை என்பதற்கும் இதையேதான் சொல்லுவார். அதில் ஒரு குடும்பத்தின் நிம்மதி கிடக்கிறது என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேதக்காரர் அல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்கு முந்திய தபசுகாலத்தில் வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் சுத்தபோசனம் காப்பார்கள். இறைச்சி ஆகாது, மீன் ஆகும். எங்கள் கரையில் அந்த நாட்களில்தான் கடல் அமைதிப்பட்டு ஆவுளியா வலையில் படும். அதன் தசை பார்வைக்கும் ருசிக்கும் மாட்டிறைச்சிதான் என்று சாப்பிட்டவர்கள் சொல்வார்கள். ஆனால் வலையில் படுகிறதனால் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு அது மீன் கணக்கில் இருந்தது. இறைச்சியை நினைத்து ஏங்கும் நாக்குக்கு அது பெரிய ஆறுதல். ஒருவரும் அதைக் கிண்டிக் கேட்டதில்லை. ஆவுளியாவுக்கென்று தடித்த வலை வைத்திருந்தவர் அந்தோனி ஒருவர்தான். தபசுகாலம் அவருடைய அறுவடைக்காலம்.

அந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை, பள்ளி தொடங்கும் நேரத்தில் அந்தோனி ஆள் அனுப்பினார்: "அத்தானிட்டைச் சொல்லு, பிள்ளையளுக்குக் காட்ட நல்ல சாமானொண்டு கிடக்கு." மாஸ்ரர் வகுப்போடு கரைக்குப் புறப்பட்டார். பிள்ளைகளைக் கட்டி மேய்க்கத் துணைக்கு என்னையும் கூப்பிட்டார். கரையில் ஒரு தாய் ஆவுளியாவும் அதன் குட்டியும் கிடந்தன. இரண்டும் செத்துவிட்டிருந்தன. மாஸ்ரர் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்க விட்டார். தோலில் அங்குமிங்கும் மயிர் இருப்பதை ஒருவன் கண்டான். செவுள் இல்லை, மூக்குத்துவாரம் இருக்கிறது என்று இன்னொருவன் சொன்னான். அந்தோனியின் மகள் பிலோமினா ஐந்தாம் வகுப்பு. அவள் கைபோன்ற துடுப்பைத் தூக்கி, அதன் அடியில் விரலால் அழுத்தினாள். வெள்ளையாக வந்தது.

"பால்" என்றாள்.

"அப்ப எந்தக் கூட்டம்?" என்று கேட்டார் மாஸ்ரர்.

"முலையூட்டி."

"சரி."

அந்தச் 'சரி'யை அவர் எந்தப் பாடத்திலும் சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்தோனியும் பக்கத்தில் நின்று, மகள் கெட்டிக்காரி என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். வெயில் ஏறுமுன் நாங்கள் பள்ளிக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பல வீடுகளில் பிள்ளைகள் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது இறைச்சி, சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஞானோபதேசத்தையும் இயற்கைப் பாடத்தையும் அவர்களுக்குப் படிப்பித்தது ஒரே பள்ளிக்கூடம்தான். பிள்ளைகள் இரண்டையும் கூட்டிப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டலில் பிழையில்லை. சில பெண்கள் கறியை அப்படியே நாய்க்குக் கொட்டினார்கள். சிலர் சட்டியோடு அந்தோனியின் படலைக்கு வந்து, எங்களைப் பாவத்தில் விழுத்தப் பார்த்தாய் என்று ஏசினார்கள். விற்காமல் கிடந்ததை அவர் கரையில் கிடங்கு வெட்டித் தாட்டார். வீட்டுக்கு வந்தால் சொந்த மகளே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு இருக்கிறாள். பூவரசங்கம்பை முறித்து அவளை அடித்துவிட்டார்.

அது எங்கள் காதுக்கு வந்தபோது பள்ளி விட்டிருந்தது. மாஸ்ரர் நேரே அந்தோனியின் வீட்டுக்கு நடந்தார். ஏதும் விபரீதம் நடந்துவிடுமோ என்று நானும் பின்னால் போனேன். வேலியோரத்தில் அயலட்டைச் சனம் நின்றது. "பிள்ளையை அடியாதை. நான் சொல்லிக் குடுத்ததைத்தானே அவள் சொன்னவள்" என்றார் மாஸ்ரர். அந்தோனி கத்தவில்லை. களைத்துப்போன குரலில், "அப்ப நீங்கள் சாப்பிடுங்கோ அத்தான். நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டால் ஊர் சாப்பிடும்" என்றார். அவருடைய மனைவி சோறும் ஆவுளியாக் கறியும் கொண்டுவந்து வைத்தார்.

மாஸ்ரர் இருந்து சாப்பிட்டார். ஒரு வாயல்ல, கோப்பை முழுவதையும் சாப்பிட்டார். வேலியோரத்தில் சனம் மூச்சுவிட்டது. அந்தோனியின் முகம் தெளிந்தது. விஷயம் முடிந்தது என்று நானும் நிம்மதிப்பட்டேன். கை அலம்பிவிட்டு வந்த மனிதர், குசினி வாசலில் நின்ற பிலோமினாவைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, நான் இப்ப சாப்பிட்டது இறைச்சிதான். நீ சொன்னது சரி. கொப்பரின்ரை மனம் நோகக்கூடாதெண்டு சாப்பிட்டனான். நான் சாப்பிட்டதாலை அது மீனாகாது."

"இதுக்கு நீங்கள் சாப்பிடாமலே போயிருக்கலாம்" என்றார் அந்தோனி. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இத்தனை வருஷமும் நின்றது. "கோயிலடியிலை நாலு சனத்துக்கு முன்னாலை, அது மீன் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்ல வேணும். சொல்லும்வரைக்கும் நீங்களும் அக்காவும் இந்தப் படலையைத் திறக்க வேண்டாம்."

திரும்பி வரும் வழியில் நான் அவரைத் தாறுமாறாக ஏசினேன். ஒன்று சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது சாப்பிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "ஓம், நீர் சொல்லுறது சரி. எனக்குப் பசியும் இருந்தது" என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிக் கோபித்துக்கொள்வது.

சனிக்கிழமை அவர், செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார். வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட்டேன் சுவாமி என்றிருக்கிறார். என்ன இறைச்சி என்று கேட்டிருக்கிறார் பங்குச் சுவாமியார். ஆவுளியா என்றதும் சுவாமியாருக்குச் சிக்கலாகிவிட்டது. சுவாமியார்தான் எங்கள் பள்ளிக்கூடத்து மனேச்சரும். பாவம் என்றால் பங்குச் சனம் முழுவதும் பரம்பரையாகப் பாவம் செய்ததாகும். பாவமில்லை என்றால் மாஸ்ரர் படிப்பித்தது பொய்யாகும். கடைசியில், "நீர் அதை இறைச்சி எண்டு நினைச்சுத்தான் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டிருக்கிறார். ஓம் என்றிருக்கிறார் இவர். "அப்ப உமக்குப் பாவம்." "மற்றச் சனத்துக்கு, சுவாமி?" "மற்றச் சனத்தின்ரை பாவசங்கீர்த்தனத்தை நீர் செய்ய வேண்டாம்." இதைச் சொல்லிவிட்டு மாஸ்ரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த விவகாரத்தில் அவர் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

சுவாமியார் கெட்டவர் அல்லர். அடுத்த கிழமை இவரைக் கூப்பிட்டு, என்னையும் வைத்துக்கொண்டே கதைத்தார். "ஊர் இரண்டுபட்டுப் போச்சு. நீர் அதை மீன் எண்டு சொல்ல வேண்டாம். எனக்கு நிச்சயமில்லை எண்டு மட்டும் சொல்லும். அவ்வளவு காணும்." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மாஸ்ரர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நிச்சயமில்லாதது எத்தினையோ கிடக்கு, சுவாமி. இது அதுக்குள்ளை இல்லை" என்றார். சுவாமியார் பெருமூச்சு விட்டார். பாஸ்கு முடிந்ததும் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது.

மாற்றத்தை எதிர்த்து மேலிடத்துக்கு எழுதும்படி நாங்கள் எல்லோரும் சொன்னோம். "எனக்குச் சண்டை பிடிக்கப் பெலனில்லை. மாத்திச் சொல்லவும் பெலனில்லை. நெடுந்தீவுக்குப் போறது இரண்டையும்விட லேசு" என்றார். இது வீரம் பேசும் மனிதரின் பேச்சல்ல. அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் இப்போதும் கேட்கும்.

லேசு என்று நினைத்தது லேசாக இருக்கவில்லை. நெடுந்தீவில் காற்றும் கல்வேலியும் உவர்த்தண்ணீரும்தான். இருந்திருந்து நான் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் மனிதர் கொஞ்சம் குறைந்திருப்பார். இழுப்பு வருத்தம் பிடித்துக்கொண்டது. அங்கேயும் முற்றத்தில் கட்டம் கீறினார். அங்குள்ள மட்டக்குதிரைகள் வேலிக்கு வெளியே நின்று மேயும். ஒற்றைக் குளம்பு, இரட்டைக் குளம்பு என்று அவற்றை வைத்துப் படிப்பித்தார். ஒரு வசனம் சொல்லிவிட்டு ஒரு மூச்சு எடுப்பார். பிள்ளைகள் பொறுமையாக இருப்பார்கள். ஆவுளியாவைப் பற்றி அவர் அங்கே வாயே திறக்கவில்லை என்று திரேசம்மா ஒருமுறை சொன்னார்.

திரேசம்மாவைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லவே மனம் வரவில்லை. அவருடைய தாயார் இங்கே அந்தோனியின் வீட்டில் படுக்கையில் விழுந்தபோது, தம்பி சொன்ன சொல்லுக்குப் பயந்து அவர் வரவில்லை. செத்த செய்தி கேட்டு வந்தபோது காற்று மாறி வள்ளம் பிந்திவிட்டது. பெட்டியை மூடிக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வீடு கோயிலுக்கு நாலு வளவு தள்ளி. அங்கே அவர் போகவில்லை. அடக்கம் முடிந்த பிறகு சேமக்காலை மதிலோரம் தனியே இருந்தவரிடம் நான் போனேன். "வாத்தியார், அது மீனெண்டால் எனக்கென்ன, மிருகமெண்டால் எனக்கென்ன. என்ரை அம்மாவின்ரை முகத்தை எனக்குப் பாக்கேலாமல் போச்சு" என்றார். மாஸ்ரர் சற்றுத் தள்ளி நின்றார். அவர் அதைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சாவுக்குப் பிறகாவது அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஒரு கோபம் இருந்தது. வள்ளத்தில் ஏறும்போதும் இருந்தது. செத்தவரில் கோபத்தோடு செத்த வீட்டுக்குப் போவது பெரிய பாரம்.

புங்குடுதீவு பின்னால் போனதும் காற்று விழுந்தது. பாய் தொங்கியது. அந்தோனி சுக்கானில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பாராமல் கதைக்கத் தொடங்கினார்.

"போன வரியம் தபசுகாலத்திலை அத்தான் வந்தவர், தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"என்ரை படலையடியிலை வந்து நிண்டவர். உள்ளுக்கை வரேல்லை. இழுப்பு. கனநேரம் கதைக்க ஏலாமல் நிண்டவர். பேந்து சொன்னவர், 'அந்தோனி, எனக்குக் களைச்சுப் போச்சு. ஞாயிற்றுக்கிழமை கோயிலடிக்கு வாறன். அது மீன் எண்டு சொல்லுறன். நீ உன்ரை கொக்காவை வீட்டை எடு' எண்டவர்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"வேண்டாம் எண்டனான்."

கடல் அசையாமல் கிடந்தது. நான் அவரையே பார்த்தேன்.

"வாத்தியார், வலைக்குள்ளை குட்டிக்குப் பால் குடுத்துக்கொண்டு கிடந்ததை முதல் கண்டவன் நான்தான். அதாலைதான் அண்டைக்கு அத்தானுக்கு ஆள் விட்டனான். எனக்குத் தெரிஞ்ச ஒண்டை, எனக்காக அவர் இல்லையெண்டு சொல்ல, நான் நிண்டு கேக்கிறதோ? அதுவும் மூச்செடுக்கேலாத மனுசன். நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அத்தான், வீட்டை போங்கோ எண்டு நானே வள்ளத்திலை ஏத்தி விட்டனான்."

"அப்ப அக்காவைக் கூட்டி வந்திருக்கலாமே, அந்தோனி?"

"கூட்டுறன் எண்டுதான் சொன்னனான். பாஸ்கு முடியட்டும் அத்தான், நானே வள்ளத்தோடை வாறன் எண்டனான். பாஸ்கு முடிஞ்சுது. சோளகக் காத்துப் பிறந்துது. பேந்து வலை கிழிஞ்சுது. பேந்து வாடைக்காத்து. நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு இருந்திட்டன்." அவர் சுக்கானைத் திருப்பினார். "இப்பதான் வாறன்."

நெடுந்தீவில் இறங்கி வீட்டை அடைந்தபோது பின்னேரமாகிவிட்டது. அந்தோனி படலைக்கு வெளியே நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்தும் உள்ளே வரவில்லை. திரேசம்மா எழுந்து வந்து தம்பியைப் பார்த்தார். அழுது முடித்த முகம். "கடல் எப்பிடி?" என்று கேட்டார். "காத்தில்லை அக்கா" என்றார் அந்தோனி. அவ்வளவு மட்டும் கதைத்த பிறகு இருவரும் உள்ளே போனார்கள். மறுநாள் காலை பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவர் அந்தோனிதான்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். சொன்ன சொல் மாறாதவர், பொய்க்கு வளையாதவர், உறவே போனாலும் உண்மையை விடாதவர். மாற்றம் கொடுத்த சுவாமியார் இப்போது இங்கே இல்லை. அவர் இருந்திருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பார். என்னையும் பேசக் கேட்டார்கள். முடியாது என்றேன். அந்தோனியிடம் கேட்காமல் அவர் வள்ளத்தில் சொன்னதை நான் எப்படிச் சொல்வது. திரேசம்மா அறியாத ஒன்றை ஊருக்கு முன்னால் எப்படிச் சொல்வது.

பிறகு அந்தோனியிடம் கேட்டேன். எழுதுங்கோ, முதல் அக்காவிட்டைச் சொல்லிப்போட்டு எழுதுங்கோ என்றார். தன்னால் சொல்ல ஏலாது என்றார். திரேசம்மா இப்போது தம்பி வீட்டில்தான் இருக்கிறார். போய்ச் சொன்னேன். அவர் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"அவர் போனவரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அது மீன் எண்டு சொல்லுறன் எண்டு சொன்னவரோ? தன்ரை வாயாலை?"

"ஓம். உங்களை வீட்டுக்கு எடுக்கச் சொல்லி."

அதற்குப் பிறகு அவர் இலை உருவவில்லை. சுளகை மடியில் வைத்தபடி வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிட்டாரே. நான் அவரோடை இவ்வளவு காலமும் உள்ளுக்கை கோவமாயெல்லோ இருந்தனான்" என்றார். பிறகு, "எழுதுங்கோ வாத்தியார்" என்றார்.

அதனால் எழுதுகிறேன். சவிரிமுத்து மாஸ்ரரை அறிந்தவர்களே, நீங்கள் அவரிடமிருந்து எதை வைத்துக்கொள்வீர்களோ எனக்குத் தெரியாது. அவர் படிப்பித்தது சரி. அதை அவர் கடைசிவரை அறிந்திருந்தார். அதை அறிந்துகொண்டே, மூச்சு முட்ட முட்டக் கடல் கடந்து வந்து, மனைவிக்காக அதை இல்லையென்று சொல்ல ஆயத்தமாகப் படலையடியில் நின்றார். நான் வைத்துக்கொள்வது அப்படி நின்ற மனிதரைத்தான். அவருக்கு இனியாவது களைப்பில்லாமல் இருக்கட்டும்.